டிரெய்லருக்குப் பின்னால் வந்த விளக்கு

நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவளுடைய பைக் விளக்கு எனக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

"இப்ப வர்ற பைக்ல எஞ்சின் ஓடினாலே லைட்டும் எரியும்மா. பகல்லகூட ஆஃப் பண்ண முடியாது" என்றாள் ஜெனி. "எரிஞ்சா நான் இருக்கேன்னு அர்த்தம். போதுமா?"

போதும் என்றேன். அம்மாக்களுக்கு எதுவும் போதாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போதும் என்றுதான் சொன்னேன்.

ஜெனி எங்கள் ஒரே மகள். பட்டுக்கடை ஒன்றில் புடவைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடும் வேலை. கல்யாணப் புடவை வாங்க எங்கள் ஊரான காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் இப்போது புடவையோடு மட்டும் திரும்புவதில்லை. கோபுரத்தின் முன்னால் ஒன்று, தேரடியில் ஒன்று என்று போட்டோவும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தால் அவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவள் திட்டம். சித்தூரைத் தாண்டி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வெள்ளை அம்பாசிடர் கிடைத்தது. எஞ்சின் ஓடாது. இழுத்துத்தான் வர வேண்டும். அவள் அப்பாவுக்கு விடுப்பு இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இருந்தது. இவ்வளவுதான் நான் ஆந்திரா போன கதை.

பிக்கப்பின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் தாமு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முசரவாக்கத்துக்காரர். கல்யாண மேடைச் சாமான், தேங்காய் மூட்டை, ஒருமுறை ஒரு யானைப் பொம்மை என்று எல்லாவற்றையும் ஏற்றியவர், காரை மட்டும் ஏற்றியதில்லை. அதற்காக ஊரில் ஒருவரிடம் டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"சின்னதா ஒரு ஏசு படம் இருந்தா குடுங்கமா. நம்ம டேஷ்போர்டுல எல்லாருக்கும் எடம் இருக்குது."

முருகனுக்கும் ஒரு பச்சைக் கொடிக்கும் நடுவில் உண்மையிலேயே இடம் இருந்தது.

முதல் நாள் முழுக்கக் காலி டிரெய்லரின் சத்தம்தான். பள்ளம் ஒவ்வொன்றிலும் அது குதித்தது. பேச முடியவில்லை. கண்ணாடியில் விளக்கு வந்துகொண்டிருந்தது. நடுநடுவே லாரி ஒன்று மறைக்கும். அது விலகி விளக்கு மறுபடி தெரியும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது, தெரிந்த பிறகு விட்ட மூச்சில்தான் எனக்கே புரியும்.

மதியம் ஆந்திரச் சாப்பாடு. கோங்குரா என்கிற புளிச்சகீரைப் பருப்பும் நெய்யும் முதலில் வந்தன. நான் பழக்கத்தில் சாம்பார் கேட்டேன். பரிமாறுகிறவர் உள்ளே திரும்பித் தெலுங்கில் சொன்னார்: "தமிழாள் வந்திருக்காங்க. முதல்ல சாம்பார் கேப்பாங்க, அப்புறம் ஊறுகாயைத் தொட்டுட்டு அழுவாங்க." எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பங்களின் பக்கத்தில் வளர்ந்தவள் நான். பேச வராது, கேட்டால் புரியும். சாம்பார் வந்தது. ஊறுகாயைத் தொட்டேன். அவர் சொன்னது நடந்தது.

கார் இருந்த வீட்டில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். கொட்டகையைத் திறந்து விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

காரின் மேல் புழுதி ஒரு துணிபோலப் படிந்திருந்தது. முன் கதவுகளின் பிடியில்கூட சிலந்தி வலை. ஆனால் பின்பக்க இடது கதவின் பிடி மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளே பின் சீட்டின் இடது ஓரம் துடைத்து வைத்தது போல் சுத்தம். சாய்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. ஜெனி போனில் படம் எடுத்துக்கொண்டே சுற்றி வந்தாள். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அம்மாள் என்னிடம் தெலுங்கில் பேசினார். எனக்குப் புரிகிறது என்று எப்படிக் கண்டுகொண்டாரோ. அவருடைய கணவர் காரை ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதாம். ஆனாலும் தினமும் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். அப்படி உட்கார்ந்திருந்தபோதே போய்விட்டார். காப்பி கொண்டுவந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்ததாம்.

"இடது பக்கமாத்தான் ஏறுவார்" என்றார். "அந்தக் கதவை மட்டும் பூட்டாதீங்க."

"இன்னாமா சொல்றாங்க?" என்று ஜெனி கேட்டாள்.

"வண்டியைப் பத்திரமா பாத்துக்கச் சொல்றாங்க" என்றேன்.

அன்று ஊரிலேயே தங்கினோம். காலையில் பெசரட்டு என்கிற பச்சைப்பயறுத் தோசை சாப்பிட்டோம். அதற்குள் உப்புமாவை வைத்து மடித்துத் தருகிறார்கள். நம் ஊரில் உப்புமாவைத் தட்டில் பார்த்தாலே எழுந்து போகிறவர்கள் அங்கே அதைத் தோசைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் கடைப் பலகையில் 'காஞ்சிபுரம் இட்லி' என்றும் எழுதியிருந்தது. ஜெனி ஒன்று வாங்கிப் பார்த்தாள். "மிளகு இல்ல, சுக்கு இல்ல. ஊர்ப் பேரை மட்டும் வேக வெச்சிருக்காங்க" என்றாள்.

காரை ஏற்றத் தெருவில் போனவர்கள் நாலைந்து பேர் கை கொடுத்தார்கள். முதலில் அசையவே இல்லை. பிறகு அம்மாள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். இடது கதவைத் திறந்து பின் சீட்டில் வைத்துவிட்டு மூடினார். அடுத்த தள்ளலில் கார் சரசரவென்று பலகை ஏறி டிரெய்லருக்கு வந்துவிட்டது. தள்ளியவர்கள் கையை உதறிக்கொண்டு சிரித்தார்கள். தாமு சிரிக்காமல் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமு தன் வேலையைக் கவனமாகத்தான் செய்தார். அதைச் சொல்ல வேண்டும். ஜெனியையும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்துக்கோங்கமா. இந்தக் கார்ல கியர் விழல. ஹேண்ட் பிரேக் செத்துப்போச்சு. முன்னாடி இழுத்துக் கட்டலாம்னா பம்பர் முழுக்கத் துரு, கையோட வந்துடும். அதனால முன் சக்கரம் ரெண்டுத்துக்கும் பெல்ட்டு. நாலு சக்கரத்துக்கும் பின்னாடி கட்டை. பெல்ட்டு கொஞ்சம் லூசு வுட்டாலும் கட்டை வுடாது."

கட்டை என்றது, சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்கும் முக்கோண மரத்துண்டை. நாலையும் சுத்தியலால் தட்டி இறுக்கினார். டிரெய்லரின் பின்பக்கம் திறந்தது. ஏற்றிய பலகைகளை அடியில் செருகிவிட்டால் அங்கே தடுப்பு எதுவும் கிடையாது.

நாங்கள் கிளம்பியபோது அம்மாள் வாசலில் நின்று கையை உயர்த்தினார். எங்களுக்கு இல்லை. அவர் பார்வை எங்கள் வண்டியைக் கடந்து பின்னால் இருந்த காரின் மேல் இருந்தது. சத்தமாக ஏதோ சொன்னார். "நிதானமா போங்க" என்று கேட்டது.

சித்தூர் வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடை. மூன்று டீ சொன்னோம். நாலு வந்தது. கடைப்பெண் நாலாவது கிளாசோடு டிரெய்லரை நோக்கி நடந்தாள். பாதிவழி போய் நின்றாள். திரும்பி வந்து, "பெரியவர் தூங்கிட்டாரா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

போய்ப் பார்த்தோம். வெள்ளைத் துண்டு. புழுதிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நரைத்த தலை ஒன்று சாய்ந்திருப்பது போலத்தான் இருந்தது. ஜெனிக்கு ஒரே சிரிப்பு. உடனே அதையும் படம் எடுத்தாள். "செம ரீல்ஸ் மா இது."

நாலாவது டீயை யாரும் குடிக்கவில்லை. தாமு அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாலையோர மண்ணில் ஊற்றினார்.

வண்டியில் ஏறியதும், "அந்தம்மா உங்ககிட்ட என்னமோ சொன்னாங்களே, இன்னாமா அது?" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் ஓர் இரவு முழுக்க அதை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் எங்களை ஓரம் கட்டச் சொன்னார். "டிரெய்லர் மேல இருக்கிற வண்டியில ஆளை உட்கார வெக்கக் கூடாதுன்னு தெரியாதா? பெரியவரை எறங்கச் சொல்லு" என்றார். நான்தான் இறங்கிப் போய்த் துண்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, போங்க என்று கையைக் காட்டினார்.

அந்தத் துண்டை அப்போதே மடித்து என் பையில் வைத்திருக்கலாம். கையை நீட்டினேன். முடியவில்லை. அது இன்னொருவருடைய வீட்டுக்குள் கை விடுவது போல இருந்தது.

தமிழ்நாட்டுக்குள் வந்து கொஞ்ச தூரத்தில் சாலையோரம் ஒரு சின்ன அம்மன் கோயில். தாமு சொல்லாமலே நிறுத்தினார். இறங்கிப்போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வெளிநாட்டுக் கார் வாங்குகிறவர்களும் செய்கிறார்கள். நாங்கள் செய்வதில்லை. எங்கள் வீட்டுப் பைக்கைப் போதகர்தான் ஜெபம் செய்து கொடுத்தார்.

"கெளம்பும்போதே வெச்சிருக்கணும்மா. அந்தம்மா நிக்கும்போது கேக்க ஒருமாதிரி இருந்துது" என்றார் தாமு. "இப்ப வெச்சிட்டா, ஊர்ல எறக்கும்போது நசுங்கிடும். எதுவா இருந்தாலும் வாசலோட போயிடும்."

ஜெனி ஹெல்மெட்டைக் கழற்றாமல் என் காதருகே வந்து, "சர்ச்சுல சொல்லிடாத" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. என் பிள்ளை பைக்கில் வருகிறாள். யார் எந்தக் காவல் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தேன். அதோடு, நாங்கள் சக்கரத்துக்குப் பழம் வைத்தவர்களே இல்லை. எங்கே வைப்பார்கள், எப்படி வைப்பார்கள் என்று தெரியாது.

தாமு யோசித்தார். சக்கரத்துக்கு முன்னால் ஒரு பழத்தை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"எறக்கும்போது கார் பின்னாடிதானே வரும். முன்னாடி வெச்சா நசுங்காது. பின்னாடிதான் வெக்கணும்."

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. பின்னால் பழம் வைக்க இடம் வேண்டும். அங்கே கட்டை இருந்தது. தாமு சுத்தியலால் தட்டி ஒவ்வொரு கட்டையாக வெளியே எடுக்க, நான் ஒவ்வொரு பழமாக வைத்தேன். பெல்ட்டைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எடுத்த கட்டைகளை என் இருக்கைக்குக் கீழே போட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின் மேல் கால்களை வைத்துக்கொண்டேன். கொஞ்சம் உயரமாக, வசதியாக இருந்தது.

அடுத்த வேகத்தடையில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டொக். உள்ளே இருக்கும் ஒருவர் விரல் முட்டியால் தட்டிக் கூப்பிடுவது போல. தாமு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். விளக்கு இருந்தது.

அதற்குப் பிறகு பிரேக் போட்ட ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு தட்டல். நிறுத்தினோம். ஜெனி இடது கதவைத் திறந்து உள்ளே குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "இதான் உருளுது. பேய் பாட்டில்ல இருக்குது, பாத்துக்கோ" என்று என் மடியில் போட்டாள்.

பாட்டில் என் மடியில் இருக்க, தட்டல் தொடர்ந்தது.

"அவருக்குத் தண்ணி வேணும்போல" என்றார் தாமு. விளையாட்டாகச் சொல்லவில்லை. அடுத்து நிறுத்திய இடத்தில் அவரே பாட்டிலை எடுத்துப்போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார். துண்டு சீட்டின் நடுவுக்கு நகர்ந்திருந்ததாகச் சொன்னார். காரைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். சக்கரங்களை நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் காரணம் தெரிந்துவிட்டதே. இறந்தவர் ஒருவர் தட்டுகிறார் என்று முடிவு செய்துவிட்ட பிறகு பெல்ட்டை யார் பார்ப்பார்கள்.

ஜெனி மட்டும் அருகில், மேலும் அருகில் வந்துகொண்டிருந்தாள். சத்தத்தைப் போனில் பதிவு செய்ய வேண்டுமாம். கண்ணாடியில் விளக்கு பெரிதாகத் தெரிந்தது. விளக்கு கிட்டே இருக்கிறதே என்று எனக்கு நிம்மதி.

வாலாஜாவை நெருங்கும்போது டிரெய்லரின் டயர் ஒன்று பஞ்சர். அந்த அளவில் மாற்று டயர் கிடைக்கவில்லை. கடைக்காரர், "குழந்தை வண்டி டயர் மாதிரி இருக்குது, இதுல காரை ஏத்திக்கினு வந்துட்டீங்களே" என்று தாமுவைக் கேலி செய்தார். ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அங்கேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பலாம் என்றேன். இருட்டில் அவளைப் பைக்கில் வரவிட எனக்கு மனமில்லை.

விடியலில் வந்து பார்த்தபோது காரின் பின்பக்க இடது கதவு திறந்திருந்தது. விரியத் திறக்கவில்லை. ஓர் ஆள் நுழையும் அளவு. ஜெனி சிரிக்கவில்லை. "நேத்து ராத்திரி படம் எடுத்துட்டு நான் சரியா மூடலபோல" என்றாள். அவள் மூடியதை நான் பார்த்திருந்தேன். தாமு கதவைச் சாத்தினார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

முசரவாக்கத்தில் தாமுவின் வீட்டில் காப்பி. அவர் மனைவி போனில் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார். எங்களுக்குக் காப்பி கொடுத்தார், டிரெய்லர் நின்ற பக்கம் மட்டும் வரவில்லை.

"ஊருக்கு வந்தப்புறம் அவரு எங்க இருப்பாராம்?" என்று என்னைக் கேட்டார்.

"செவிலிமேட்டுல எங்க வீட்டுலதான்" என்றாள் ஜெனி. "மாடி காலியாத்தான் இருக்குது."

"நக்கலு. உனக்குக் கல்யாணம் ஆவட்டும், அப்புறம் தெரியும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவை. இதோ வீடு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் நுழைந்தபோது பெரிய வீதியைத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். சாமி புறப்பாடு. தாமு இடப்பக்கத்து நெசவாளர் தெருவில் திருப்பினார். தெருவின் வாயில் கால்வாய்மேல் சின்னப் பாலம். பிக்கப் பாலத்தின் முதுகில் ஏறியதும் தாமு நிறுத்த வேண்டியதாயிற்று. டிரெய்லர் பின்னால் சரிவில் இருந்தது.

தெருவில் பாவு போட்டிருந்தார்கள். புடவையின் நீள இழைகள் எல்லாவற்றையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குறுக்கே மூங்கில் குச்சிகள் கொடுத்து, நாலைந்து பேர் ஓரமாக நின்று நீவிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. ஓர் இழை அறுந்தாலும் தேடிப் பிடித்து முடிய வேண்டும். எங்கள் ஊரில் பாவு கிடக்கும் தெருவில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். காத்திருப்பார்கள், அல்லது இறங்கிப்போய்ப் பேசுவார்கள்.

தாமு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அதே நேரம் என் கணவர் போனில் கூப்பிட்டார். "இன்னும் பத்து நிமிஷம். தோசை மாவு இருக்குதா பாருங்க" என்று பேசிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். விளக்கு இருந்தது. டிரெய்லரின் வால் பக்கத்திலேயே, மிகக் கிட்டத்தில், அசையாமல்.

தாமு திரும்பி வந்தார். "நல்ல மனுசங்கோ. பாவைத் தூக்கிச் செவுரோரமாப் புடிச்சிக்கிறாங்களாம். மெதுவாப் போயிடலாம்."

எஞ்சினைக் கிளப்பினார். பாலத்தின் முதுகில் நின்றிருந்த வண்டி, கிளட்ச்சை விட்டதும் ஒரு குலுக்கலோடு முன்னால் பாய்ந்தது.

தட்டல் வரவில்லை. அதற்குப் பதிலாக நீளமாக ஓர் உரசல். பிக்கப் திடீரென்று இலேசாகிவிட்டது. கண்ணாடியில் வெள்ளைக் கார் எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டும் இடத்தில் யாரும் இல்லை, ஸ்டியரிங் மட்டும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் டிரெய்லரின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. இரும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

விளக்கு அணைந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு வண்டியிலேயே கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். காரின் பின்பாகம் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. முன் சக்கரங்கள் டிரெய்லரின் விளிம்பில் தொங்கின. பைக்கின் முன் சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் சாலையில் உருண்டு கிடந்தது. நான் மண்டியிட்டுக் காருக்கு அடியில் கையை விட்டேன். சூடான இரும்பும் பெட்ரோலும்தான் கையில் தட்டுப்பட்டன.

அப்போதுதான் பின்பக்க இடது கதவு, என் தலைக்கு மேலே, தானாகத் திறந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல், முழுவதும் திறந்து நின்றது. வெள்ளைத் துண்டு சரிந்து என் தோளில் விழுந்தது.

"அம்மா."

குரல் பின்னாலிருந்து வரவில்லை. தெருவுக்குள்ளிருந்து வந்தது.

பாவைத் தூக்கிப் பிடித்த வரிசையின் கடைசி ஆளாக ஜெனி நின்றிருந்தாள். ஓர் ஆள் குறைகிறது என்று பைக்கை ஆஃப் செய்யாமலேயே ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைப் பைக்கின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பிக்கப்பின் மறுபக்கமாக ஓடிப்போயிருக்கிறாள். ஒரு நிமிட வேலைதானே என்று. இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தபடி முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"விட்றாதமா" என்று பக்கத்தில் நின்ற நெசவாளர் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இழை இழுத்துக்கும். நாங்க மெதுவா எறக்குறோம், கூடவே எறக்கு. அப்புறம் அம்மாகிட்ட போ."

அவள் விடவில்லை. அவர்கள் இறக்க இறக்க அவளும் இறக்கினாள். அது தரையில் படியும்வரை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதற்காகவும் காத்திருந்ததில்லை. பிறகு ஓடி வந்தாள்.

தாமு தலையில் கைவைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். "எறங்கிட்டாருமா" என்றார்.

நான் எழுந்தேன். பிக்கப்புக்குப் போய் என் இருக்கையின் கீழே கையை விட்டு நாலு கட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். பெல்ட் இரண்டும் தளர்ந்து கிடந்தன. பலகையில் நசுங்கிய பழங்களின் ஈரம். ஒன்று மட்டும் நசுங்காமல் ஓரத்தில் இருந்தது. தாமு எழுந்துபோய் அதை எடுத்துக் கால்வாயில் வீசினார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஜெனிதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், பின் சீட்டில் இருந்த பாட்டிலிலிருந்து.

அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து காரைத் தூக்கி வைத்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. காருக்குப் பெரிய சேதமும் இல்லை.

இன்றைக்கு அது எங்கள் செவிலிமேட்டு வீட்டு வாசலில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது. மணப்பெண்கள் இடது கதவு வழியாக ஏறிச் சிரிக்கிறார்கள். துண்டைத் துவைத்து அந்த அம்மாளுக்கு அனுப்பிவிட்டோம். அவர் போனில், "சுகமா வந்து சேர்ந்தாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தட்டியது யாருமில்லை, கட்டை இல்லாமல் கார் முன்னும் பின்னும் ஆடிய சத்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தக் கதவு திறந்ததற்கும் ஜெனி காரணம் சொல்கிறாள், சரிவு என்று. இருக்கலாம். டிரெய்லர்காரர் கட்டைகளைக் கேட்டு இரண்டு முறை போன் செய்தார். காணோம் என்று சொல்லிவிட்டேன். நாலும் காரின் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

வேலைக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். முன் பக்கம் இடம் கிடைத்தால் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தெரியும். பின்னால் ஏதாவது பைக் வந்துகொண்டிருக்கும். அது எங்கேயாவது திரும்பிவிட்டால் விளக்கு சட்டென்று இல்லாமல் போகும். அப்போது நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

"இன்னாமா, எறங்கணுமா? உங்க ஸ்டாப் இன்னும் வரலியே" என்கிறார் கண்டக்டர்.

இல்லை என்று உட்கார்கிறேன். உட்கார்ந்ததும் முதலில் கால்களால் தரையைத் தடவிப் பார்க்கிறேன், எதன் மேலாவது கால் வைத்திருக்கிறேனா என்று.